பதினேழாம் தாளின் ஒற்றைக் கோடு

கேஸ் கம்பெனியின் மூன்றாம் பிரிவு ஆபீஸில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் சம்பளக் குமாஸ்தா ஒருவர்தான். அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை, கையெழுத்து வாங்குவதற்காக. மற்ற எல்லோருக்கும் அவர் ஒத்தக்கோடு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அது பட்டப்பெயர் என்று தெரியாமல், "ஒத்தக்கோடு சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு அசடு வழிந்ததும் உண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோவார்.

பெயர் வந்த கதை சின்னது. எந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தாலும், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒரு கோட்டின் மேல் இரண்டாம் தடவை போகாமல், ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். வரையவே முடியாத படமென்றால் பென்சிலைத் தொடவே மாட்டார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வராது" என்பார். பந்தயம் கட்டியவர்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பத்து வயதில் பிடித்தது. பள்ளிக்கூட நோட்டின் பின் அட்டையில், வாய்ப்பாட்டுக்குக் கீழே, ஒரு சதுரமும் அதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடுகளும் அச்சாகியிருந்தன. 'கையெடுக்காமல் வரைக' என்று போட்டிருந்தது. விடை எங்கேயும் போடவில்லை. சிலேட்டில் வரைந்தார், சுவரில் வரைந்தார், பரீட்சைத் தாளில் வரைந்து வாத்தியாரிடம் அடி வாங்கினார். எப்படிப் போனாலும் கடைசியில் ஒரு கோடு மிச்சம் நிற்கும். இரண்டு வருடம் கழித்துத்தான் ரகசியம் பிடிபட்டது. ஒவ்வொரு மூலையிலும் எத்தனை கோடு சேர்கிறது என்று எண்ண வேண்டும். இரண்டு, நான்கு என்று இரட்டையாக இருந்தால் உள்ளே வந்த கோடு வெளியே போய்விடும். ஒன்று, மூன்று என்று ஒற்றையாக இருந்தால் அந்த மூலையில்தான் தொடங்க வேண்டும், அல்லது முடிக்க வேண்டும். ஆகவே ஒரு படத்தில் ஒற்றை மூலைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் பிரம்மாவே வந்தாலும் வராது. அந்தச் சதுரத்தில் நான்கு மூலையும் ஒற்றை. மேலே கூரை மாதிரி இரண்டு கோடு போட்டிருந்தால் வந்திருக்கும். அச்சடித்தவன் கூரையை விட்டுவிட்டான், அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு பிள்ளையின் இரண்டு வருடம் போயிற்று.

வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அவருக்கு அது ஒரு வன்மமாகத் தங்கிவிட்டது. மிச்சம் நிற்கிற கோட்டைக் கண்டால் அவருக்கு ஆகாது. போன வழியில் திரும்பி வருவது என்றால் உடம்பெல்லாம் எரியும். கடைக்குப் போனால் ஒரு தெரு வழியாகப் போய் இன்னொரு தெரு வழியாகத்தான் வருவார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். "மூணு பட்டன் தைக்கணும்னாலும் நடுவுல நூலை அறுக்க விடமாட்டாரு. இவரோட குடித்தனம் பண்றதுக்குப் பேசாம ஒரு ஊசியைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. கம்பெனி கொடுத்த குடியிருப்பில் ஒரு கூடம், ஒரு சமையலறை, பக்கத்து வீட்டோடு பொதுவாக ஒரு சுவர்.

அவருடைய வேலை தெருத்தெருவாக நடப்பது. மண்ணுக்கடியில் போகிற கேஸ் குழாய் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கையில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் மோப்பம் பிடிக்கிற கருவி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் நாய். கசிவு இருந்தால் கீச்சுகீச்சென்று கத்தும், "நாய் குரைச்சிடுச்சு" என்று ஆபீஸுக்குச் சொல்வார்கள். பிரிவின் பரப்பை இருபத்து நான்கு தாள்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு தாள் ஒரு நாள் நடை. ஆறு பேர், ஆளுக்கு நான்கு தாள். மாதத்தின் மற்ற நாட்களில் மீட்டரும் வால்வும் பார்க்கிற வேலை. ஒவ்வொரு தெருவிலும் மாதம் ஒரு தடவையாவது நாயின் மூக்கு பட்டாக வேண்டும் என்பது விதி.

எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெரு என்பதையும் தலைமை ஆபீஸே அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தது. போட்ட மகராசன் ஒருநாளும் செருப்புத் தேய நடந்தவனில்லை. போன தெருவிலேயே திரும்பு, திரும்பின தெருவிலேயே மறுபடி போ என்று செக்குமாடு மாதிரி சுற்ற வைத்திருந்தான். ஒத்தக்கோடு இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பிறகு தாள்களின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துத் தரையில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கோடு. ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடியும், எந்தத் தெருவிலும் இரண்டு தடவை கால் படாது. நான்கு மணிக்கு முடிகிற நடை இரண்டரைக்கே முடிந்தது. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளருக்கும் தெரியும். மேலே எழுதிக் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும் என்று அவர் வாய்மூடி இருந்துவிட்டார். ஆபீஸ் பைலில் பழைய அம்பு, ஆட்களின் சட்டைப்பையில் ஒத்தக்கோட்டின் கோடு. ஏழு வருடம் இப்படியே ஓடியது.

பதினேழாம் தாள் மட்டும் அவரைப் படாதபாடு படுத்தியது. அந்தத் தாளில் ஒரு முட்டுச்சந்து இருந்தது. முட்டுச்சந்தை அவர்கள் வால் என்பார்கள். வாலின் நுனி ஒரு ஒற்றை மூலை. வால் வந்து தெருவில் ஒட்டுகிற இடம் இன்னொரு ஒற்றை மூலை. தாளில் ஏற்கெனவே இரண்டு இருந்தன, ஆக நான்கு. பள்ளிக்கூட நோட்டு அட்டையேதான். எட்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஒன்பதாம் நாள், யோசனையில்லாமல் அந்தச் சந்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். சந்து மறைந்தது. இரண்டு ஒற்றை மூலைகளும் ஒரே அடியில் காணாமல் போயின. மிச்சமிருந்த நாற்பத்து மூன்று தெருக்களும் ஒரே இழுப்பில் வந்து விழுந்தன. அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சந்தில் ஆறு வீடுகள் இருந்தன. அதை அவர் மறந்துவிடவில்லை. சந்து முனையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். புள்ளி இருந்தால் அங்கே நிற்க வேண்டும், நாயைச் சந்துக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம். காற்று எப்படியும் வெளியேதானே வந்தாக வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் சோம்பேறி இல்லை. கொட்டுகிற மழையில் குடையில்லாமல் முழுத் தாளும் நடந்து முடிக்கிற மனிதர். ஆறு வீட்டுக்காரர்களிடமும் அவருக்கு ஒரு பகையும் கிடையாது. கோடு அழகாக வந்துவிட்டது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆறு வருடம் பதினேழாம் தாளை அவரே நடந்தார். போன வருடம் தாள்களை மாற்றிப் போட்டபோது அது குண்டூசிக்குப் போனது. குண்டூசி பக்கத்து வீட்டுக்காரன். ஒல்லியான உடம்பு, பெரிய தலை, வாய் ஓயாத ஆள். ஒத்தக்கோட்டை அண்ணன் என்று வாய்க்கு வாய் கூப்பிடுவான். அவர் போட்ட கோட்டிலிருந்து ஒரு அடி விலக மாட்டான். புள்ளி வைத்த இடத்தில் நின்றான். மாதம் ஒரு தடவை, ஒரு நிமிடம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஒத்தக்கோடு ஒன்பதாம் தாளில் நடந்துகொண்டிருந்தார். தூரத்தில் சத்தம் கேட்டது. லாரி டயர் வெடித்திருக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டு தெரு நடந்தார். பிறகு ஆட்கள் ஓடுவதைப் பார்த்து அவரும் ஓடினார். எந்த இடம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் புள்ளி வைத்த இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு பேர் செத்துப்போனார்கள். சந்தின் கடைசி இரண்டு வீடுகள் சுவர்கூட மிஞ்சாமல் போயின. ஒரு வீட்டில் துணி தேய்க்கிறவரும் அவருடைய ஏழு வயது மகளும். எதிர்வீட்டில் கண் தெரியாத ஒரு முதியவரும் அவரைப் பார்த்துக்கொண்ட தங்கையும். குழாய் நுனியில் துருப்பிடித்து, பல வாரமாகக் கசிந்து, வீட்டுத் தரைக்கடியில் சேர்ந்திருக்கிறது. யாரோ விளக்குச் சுவிட்சைத் தட்டியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே மேற்பார்வையாளர் ஒரு சாக்குப்பையோடு வீடு வீடாக வந்தார். பென்சில் கோடு போட்ட தாள்களையெல்லாம் வாங்கிக் கிழித்துப் பைக்குள் போட்டார். ஒத்தக்கோடு தன்னுடைய இருபத்து நான்கையும் எடுத்துக் கொடுத்தார்.

"இப்படி ஒரு படமே இருந்ததில்ல, புரியுதா?" என்றார் மேற்பார்வையாளர். "ஆபீஸ் அம்புக்குறியில சந்துக்குள்ள போகணும்னு தெளிவா இருக்கு. போகாதது குண்டூசி தப்பு. வாயைத் தொறந்தீங்கன்னா ஆறு பேர் வேலையும் போகும், என் வேலையும் போகும். ஒருத்தனோட போகட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் மறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போலீஸ் வந்து குண்டூசியைக் கூட்டிக்கொண்டு போனது. நடக்காமலே நடந்ததாக எழுதினான், அதனால் நான்கு உயிர் போனது என்று வழக்கு. வேறு படம் இருந்தது, எல்லோரும் அதைப் பார்த்துத்தான் நடந்தோம் என்று அவன் சொல்லியிருக்கிறான். யார் போட்ட படம் என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மற்ற ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். ஒத்தக்கோட்டின் முறை வந்தது.

"ஆபீஸ் குடுத்த ரூட்டுதான் சார். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குண்டூசியின் மனைவி பாத்திரம் தேய்ப்பது கேட்கும். தேய்ப்பது திடீரென்று நிற்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அந்த நேரம்தான் அவருக்குத் தாங்காது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணே, அவரு ஏதோ வேற படம்னு சொல்றாரு. யாரு போட்டதுன்னு கேட்டா பேச மாட்டேங்கிறாரு. அந்த ஆளு ஒரு வார்த்தை வந்து சொன்னா ஜாமீனாவது கெடைக்கும்னு வக்கீல் சொல்றாரு. உங்களுக்கு எல்லாரையும் தெரியுமே. யாருண்ணே அது?"

அவர் கையில் வைத்திருந்த செய்தித்தாளை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லம்மா" என்றார்.

அவள் சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடுகள் எந்தத் தரையில் பிறந்தன என்று அவளுக்குத் தெரியாதா? எட்டு நாள் அந்தத் தாளைத் தாண்டித் தாண்டித்தான் கூட்டிப் பெருக்கினாள்.

"சொல்லுங்கன்னும் நான் சொல்லல, சொல்லாதீங்கன்னும் சொல்லல" என்றாள். "சொன்னா இந்த வீடு போயிடும், எனக்குத் தெரியும். எங்க போறதுன்னு எனக்கும் தெரியல. ஆனா தினமும் அவ மூஞ்சில முழிக்கிறது நான்தான். நீங்க கம்பைத் தூக்கிக்கிட்டுப் போயிடுறீங்க."

மறுநாள் அவர் சிறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குண்டூசியின் தலை இன்னும் பெரிதாகத் தெரிந்தது, உடம்பு அவ்வளவு இளைத்திருந்தது. அவன் கோபப்படுவான் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் வீட்டைப் பற்றிக் கேட்டான், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டான்.

"ஏன்டா என் பேரைச் சொல்லல?" என்று கேட்டார்.

"சொல்லி? பேப்பர் எங்க இருக்கு? நீங்களே இல்லைன்னு சொன்னீங்களாமே, இன்ஸ்பெக்டர் சொன்னாரு." அவன் சிரிக்கப் பார்த்தான். "அதை விடுங்கண்ணே. நீங்க புள்ளி வெச்சா எனக்குக் கால் இல்லையா? ஒரு தடவையாவது உள்ள போயிருக்கலாம். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு எனக்கு சல்யூட் அடிக்கும்ண்ணே. நானும் அடிப்பேன். அடிச்சுட்டுத் திரும்பிடுவேன். தப்பு என்னோடதுதான்."

அவன் அப்படிச் சொன்னதுதான் அவரை அடித்துப்போட்டது. பழியை மேலே போட்டிருந்தால் தட்டிவிட்டு வந்திருப்பார், மனிதர்கள் அப்படித்தான். இவன் அவருடைய பங்கையும் சேர்த்துத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிறையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் அந்தச் சந்துக்குப் போனார். கயிற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கோடு போட்டபிறகு முதல் தடவையாக உள்ளே நடந்தார். கையில் நாய் இருக்கும்போது எப்படி நடப்பாரோ அதே நடை, அதே வேகம். நுனிவரை நாற்பத்தொரு தப்படி. திரும்பி முனைக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆகியிருந்தது. புள்ளியில் நின்ற நேரமும் அதேதான். ஏழு வருடத்தில் அவர் அந்தச் சந்தில் ஒரு நொடிகூட மிச்சம் பிடிக்கவில்லை.

இடிந்த வீட்டிலிருந்து ஒரு பெண் செங்கல்லைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். துணி தேய்க்கிறவரின் மனைவி. அன்று தேய்த்த துணிகளை வீடுகளுக்குக் கொடுக்கப் போனதால் பிழைத்தவள். அவர் நடப்பதையும் திரும்புவதையும் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா. சும்மா பார்க்க வந்தேன்."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு." அவள் உட்கார்ந்தாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன குரல். "வாசன வருது வாசன வருதுன்னு ஒரு வாரமா நான் கத்திக்கிட்டுதான் இருந்தேன். கம்பெனிக்குப் போய் சொல்றேன்னு கிளம்பினேன். எங்க வீட்டுக்காரர்தான், 'அதான் மாசாமாசம் ஆளு வந்து முனையில நின்னு பார்த்துட்டுப் போறாரே, ஏதாச்சும் இருந்தா அவங்களுக்குத் தெரியாதா, நீ பெரிய இஞ்சினீயரா'ன்னு கேட்டாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. விட்டுட்டேன்."

அவர் திரும்பி நடந்தார். ஒருவருமே வந்து நிற்காமல் இருந்திருந்தால் அவள் போய்ச் சொல்லியிருப்பாள். வீடு வந்து சேரும்வரை இது ஒன்றுதான் அவர் தலைக்குள் ஓடியது. எந்தத் தெரு வழியாக வந்தார் என்று அன்றைக்கு அவர் கவனிக்கவில்லை.

விசாரணை, நகராட்சிக் கட்டிடத்தின் மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. நீள மேசை, மேலே சுற்றும்போது முனகுகிற மின்விசிறி. விசாரணை அதிகாரி நரைத்த தலையும் தடிக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள். ஒரு ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் குண்டூசி, இன்னொரு ஓரத்தில் சந்துக்காரர்கள். மேற்பார்வையாளர் முன்வரிசையில், பைலை மடியில் வைத்துக்கொண்டு. ஒத்தக்கோடு எழுந்து நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"படம் இருந்துச்சு மேடம். நான்தான் போட்டேன். அவன் நான் போட்ட கோட்டுல நடந்தான். அவ்வளவுதான் அவன் பண்ணினது. போலீஸ்ல நான் சொன்னது பொய்."

கூடத்தில் சலசலப்பு. மேற்பார்வையாளர் துள்ளி எழுந்தார். "மேடம், கூட வேலை பார்த்தவன், பக்கத்து வீட்டுக்காரன், அந்தப் பாசத்துல பேசறாரு. இத்தனை நாள் வராத ஞாபகம் இன்னைக்கு எப்படி வந்துச்சு? படம் இருந்துச்சுன்னா காட்டட்டுமே?"

"காட்ட முடியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"கிழிச்சாச்சு மேடம்."

"அப்போ நான் எதை வெச்சு நம்பறது?"

"பேப்பரும் பென்சிலும் குடுங்க" என்றார் ஒத்தக்கோடு.

எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். அவர் குனிந்தார். பஸ் நிறுத்தத்து முனையில் பென்சிலை வைத்தார். கோடு கிளம்பியது. பெரிய தெரு, மருந்துக்கடைத் திருப்பம், மரக்கடை வரிசை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு வளையம், சந்து முனையில் போகிறபோக்கில் ஒரு புள்ளி, திரும்பவும் குறுக்கே. ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை. கேவலம் என்னவென்றால், இவ்வளவுக்குப் பிறகும் கை சந்தோஷப்பட்டது. நாற்பத்து மூன்று தெருக்களும் முடிந்து, தண்ணீர்த் தொட்டி முனையில் கோடு வந்து நின்றபோது, பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய அந்தத் திருப்தி அவருக்குள் எழுந்தது. அதை அவரே உணர்ந்தார். பென்சிலைக் கீழே போட்டார்.

அதிகாரி கெட்டிக்காரி. அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த ஆறு பேரில், வெளியே காத்திருந்த இன்னொருவரை உள்ளே கூப்பிட்டார். பதினேழாம் தாளை எப்படி நடப்பாய், வரைந்து காட்டு என்றார். குண்டூசி லீவு போட்ட மாதங்களில் அந்தத் தாளை நடந்தவர் இவர்தான். அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார், ஒத்தக்கோட்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு வரைந்தார். கோணல்மாணலாக இருந்தாலும் அதே கோடு. அதே பஸ் நிறுத்தம், அதே தண்ணீர்த் தொட்டி, சந்து முனையில் அதே புள்ளி. மேற்பார்வையாளர் பைலை மூடினார்.

குண்டூசியின் வக்கீல் எழுந்து ஜாமீன் என்று ஏதோ தொடங்கினார். அதற்கு எதிர்ப்பு இருக்காது என்று அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். குண்டூசி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஒத்தக்கோடு வீட்டுக்குப் போகக்கூடாது, போலீஸ் இங்கேயே வாக்குமூலம் வாங்கும் என்றும் அதிகாரி சொன்னார். பிறகு ஆபீஸ் வரைபடத்தை எடுத்து அவருடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு தெருவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"எல்லாத் தெருவும் இருக்கு. இது ஒண்ணு மட்டும் இல்ல."

"அது வால் மேடம். உள்ள போனா போன வழியிலயே திரும்பி வரணும்."

"வரட்டுமே." அதிகாரி பென்சிலை எடுத்துப் புள்ளியிலிருந்து ஒரு சின்னக் கோடு இழுத்து, அதே கோட்டின் மேல் திரும்பி வந்தார். "பாருங்க, பென்சிலை எடுக்க வேண்டியதுகூட இல்லையே?"

"எடுக்க வேண்டியதில்ல மேடம்."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஆகாது. அங்க நிக்கிற நேரம்தான்."

"அப்புறம் ஏன் போகல?"

அவர் மேசையைப் பார்த்தார். ஆட்டத்தின் விதி அப்படி என்று சொல்லலாம். இரண்டு தடவை போனால் தோற்ற மாதிரி என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது அதைவிட அற்பமானது. இவ்வளவு தூரம் வந்தபிறகு அதை மட்டும் ஒளித்து என்ன பயன்?

"அழகா இருக்காது மேடம்" என்றார்.

மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. சந்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஓரத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. துணி தேய்க்கிறவரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். உட்காரம்மா என்று யாரோ சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. அன்று சந்துக்குள் நடந்து பார்த்த மனிதர் இவர்தான் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"எங்க சந்துக்குள்ள வந்தா உங்க படம் கெட்டுப் போயிடும். அதான் வரல. இல்லையா?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.